துரு தின்ற பிரேமை எதைக் கொண்டு வெட்டுவது?

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமான மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணியிலும் வெள்ளம். வீட்டு வாசலில் நின்ற மொபெட்டும் ஸ்கூட்டரும் டிராக்டர் பெட்டியும் சேற்றுத் தண்ணீரில் மூழ்கின.

தண்ணீர் புகுந்த எஞ்சினை மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்து ஓடவிட்டுவிடுவார். பிரேமுக்கு வரும் கேடு மெல்லத்தான் தெரியும். குழாய்க்குள்ளும் மடித்த தகட்டுக்குள்ளும் போன சேறு, தண்ணீர் வடியும் துளையை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நரம்பை, மணப்பட்டு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்கிறது. காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்வதால் மழை இல்லாத நாளிலும் துரு வளரும். மேலே பெயின்ட் பளபளத்தாலும், ஸ்டாண்டு பத்தவைத்த இடமும், கால் வைக்கும் தகட்டின் அடிப்பக்கமும், டிராக்டர் பெட்டியின் குறுக்குச் சட்டமும் உள்ளே இற்றுப்போயிருக்கலாம்.

சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்ற இடம் மொத்தென்று கேட்கும். கூரான ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்த்து, நல்ல இரும்பு தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வெட்டு நல்ல இரும்பில் விழுந்தால்தான் பிறகு பத்தவைப்பது பிடிக்கும். இற்ற விளிம்பில் வெல்டிங் ராடை வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும்.

கருவியை எடுக்கும் முன் சில இடங்களைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாய், பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் பொருந்தும் இடம், லாரி சேசிஸின் நீளச் சட்டம், சேசிஸ் எண் பொறித்த பகுதி ஆகியவற்றை வீட்டில் வெட்டவே கூடாது. முதல் மூன்றில் உயிர் தொங்குகிறது. நான்காவதைத் தொட்டால் வண்டி யாருடையது என்பதே கேள்வியாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல். சாதாரணத் தகடு சுமார் 300 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும். கதவுகளுக்கு நடுவில் நிற்கும் தூணுக்குப் பல மாடல்களில் 1,500 மெகாபாஸ்கல் வரை தாங்கும் போரான் எஃகு வருகிறது. சாதாரண ட்ரில் பிட் அதில் ஏறாமல் மழுங்கும். வெட்டிப் பத்தவைத்தால் சூடு பட்ட இடம் பழைய பலத்தை இழந்துவிடும். அந்த வேலை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு உரியது.

இவை போக மிஞ்சுவதே வீட்டு வேலை: மொபெட்டின் கேரியர், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், ஸ்கூட்டரின் அடித்தகடு, டிராக்டர் பெட்டியின் ஆங்கிளும் பட்டையும். இவற்றுக்கு முதல் கருவி ஆக்சா பிளேடு. எல்லாப் பிளேடும் ஒன்று என்று நினைத்துக் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவதுதான் வழக்கம். பிளேடின் பக்கவாட்டில் 14, 18, 24, 32 என்று ஓர் எண் இருக்கும். ஓர் அங்குலத்தில் அத்தனை பற்கள் என்று பொருள். வெட்டும் இரும்பின் மீது எப்போதும் மூன்று பற்களாவது பதிந்திருக்க வேண்டும் என்பது ஃபிட்டர் வேலையின் பாலபாடம். மெல்லிய சுவருள்ள குழாயில் 14 பல் பிளேடை வைத்தால், குழாயின் சுவர் இரண்டு பற்களின் இடைவெளிக்குள் விழுந்து பல் முறியும். குழாய்க்கு 32, கிடைக்காவிட்டால் 24. ஐந்தாறு மில்லிமீட்டர் சேனலுக்கு 18. பல்லின் கூர் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, தள்ளும்போது மட்டும் அழுத்தி, நிமிடத்துக்கு 40 முதல் 50 இழுப்பு போதும். தீப்பொறி இல்லை, சூடு இல்லை, கரண்டும் வேண்டாம். நெருக்கடியான மூலையில் மட்டும் அதன் சட்டம் நுழையாது.

அங்கேதான் ஏஜி ஃபோர் எனப்படும் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் வருகிறது. 1954இல் ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் நிறுவனம் அதிவேக ஆங்கிள் கிரைண்டரை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் சென்னையில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கப்பட்டது. தேய்ப்புச் சக்கரங்களைத் தயாரிக்கும் நிறுவனம் அது. தகட்டுக்கும் குழாய்க்கும் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கட்டிங் வீல் சரி. தடித்தது தேவையில்லாமல் சூடேற்றும், இரும்பையும் வீணாக்கும்.

வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தைக் கூர்ந்து பார்த்தால் காலாவதி மாதமும் ஆண்டும் தெரியும். பிசினால் பிணைத்த வீல் ஈரத்தில் பலம் குறையும் என்பதால் பொதுவாக மூன்றாண்டுதான் ஆயுள். மழையில் நனைந்ததையும் ஓரம் பிய்ந்ததையும் தயங்காமல் தூக்கிப் போட வேண்டும். வீலில் அச்சிட்டிருக்கும் சுழற்சி வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் நாலு அங்குல வீலின் விளிம்பு மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல் பாய்கிறது. அது உடைந்தால் முகத்துக்கும் சில்லுக்கும் நடுவில் நிற்பது இரும்பு மூடி மட்டுமே. அதைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குல வீலையோ மரம் அறுக்கும் பிளேடையோ மாட்டுவது விபத்தைக் கைநீட்டி அழைப்பது.

பல கிரைண்டர் காயங்களுக்குப் பின்னால் வீல் சிக்கிக்கொண்டது காரணமாக இருக்கும். வெட்டும் இடத்தின் இரு பக்கமும் முட்டுக் கொடுக்காவிட்டால், வண்டியின் எடையில் வெட்டு வாய் மூடி வீலைக் கவ்வும். மெஷின் எகிறி ஆளை நோக்கி வரும். வெட்டத் தொடங்கும் முன், வாய் திறக்கும் பக்கமாக ஜாக்கியோ மரக்கட்டையோ வைத்துக்கொள்ள வேண்டும்.

தகட்டின் மேல் தகடு வைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டிய இடங்களுக்குக் கிரைண்டரும் தேவையில்லை. ஸ்பாட் வெல்டு கட்டர் என்ற ட்ரில் பிட் மேல் தகட்டை மட்டும் வட்டமாக வெட்டி எடுக்கும். அடித்தகடு அப்படியே தப்பும். கேஸ் கட்டிங்கோ தடித்த சேனலுக்கு மட்டும் ஏற்றது. இரும்பை ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடேற்றி ஆக்சிஜனில் எரித்தே அது வெட்டுவதால், மெல்லிய குழாய் நெளிந்துவிடும். சமையல் கேஸ் சிலிண்டரை இதற்கு எடுப்பது ஆபத்து, சட்டப்படியும் குற்றம்.

எந்தக் கருவியானாலும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி, தூர வைக்க வேண்டும். காலி டேங்கில் தங்கிய ஆவி, நிரம்பிய டேங்கைவிட எளிதில் வெடிக்கும். அறுவடைக் காலத்தில் பாகூர் வீடுகளின் பக்கத்திலேயே வைக்கோல் போர் இருக்கும். தீப்பொறி பறக்கும் வேலைக்கு 35 அடி தூரத்துக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. முடித்த பிறகும் அரை மணி நேரமாவது பார்வை வேண்டும். முழு முகக் கவசமும் தோல் கையுறையும் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. தொங்கும் துண்டும் லுங்கியும் வீலில் சுற்றிக்கொள்ளும்.

வெட்டிய விளிம்பில் பிசிறை அரத்தால் எடுத்து, பத்தவைத்த இடம் ஆறிய கையோடு துருவைத் தடுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். குழாயின் வடிதுளையைக் கம்பியால் குத்திச் சேற்றை எடுத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுவைத்தால், ஐப்பசி மழை தொடங்கும் முன் பிரேம் தயாராகிவிடும்.