தோண்டிய கிழங்கை அவிக்குமுன்: கார்த்திகைப்பூவை அறிந்துகொள்ளுங்கள்

நீண்ட நாள் ஆளில்லாமல் கிடந்த வளவைத் துப்புரவு செய்யும்போது வேலியோரத்திலோ பற்றையிலோ கார்த்திகைப்பூக் கொடியைக் காணக்கூடும். சிங்கள அயலவர்கள் இதனை நியங்கலா என்பார்கள்.

பூவுக்கு ஆறு இதழ்கள். அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, ஓரம் நெளிந்திருக்கும். இலையின் நுனி சுருண்டு வேலியைப் பற்றிக்கொள்ளும். வறட்சியில் கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடிருந்து மழை கண்டதும் முளைக்கும். அதிகப் பராமரிப்பின்றி ஆண்டுதோறும் பூத்து வேலியை அழகாக்கும்.

ஆபத்தும் அந்தக் கிழங்கில்தான். கொடி காய்ந்த பின் அதனை வற்றாளை என எண்ணி அவித்துச் சாப்பிட்டவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். செடி முழுவதிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. அவித்தாலும் அது போகாது. கிழங்கு கலப்பைபோல் வளைந்து இரண்டாகப் பிரிந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்ததே.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• இனம் தெரியாத கிழங்கைச் சமைக்க வேண்டாம்.

• வேலியில் உள்ள கொடியை அப்படியே விடலாம். மரக்கறிப் பாத்தியிலோ பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ இருந்தால், கையுறை அணிந்து கிழங்கோடு தோண்டி வேலியோரம் நடுங்கள். பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

• ஆடு மாடுகளை அருகில் கட்ட வேண்டாம்.

• யாரேனும் சாப்பிட்டுவிட்டால் வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மீதிக் கிழங்கையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.