தலை மாற்றிய ராட்சதன்

மனித உருவில் 18 மீட்டர் உயரத்துக்கு ஒரு போர் இயந்திரம் நிற்கிறது என்றால் இயற்பியல் தெரிந்தவர் முதலில் கேட்பது எடையைத்தான். 1.8 மீட்டர் மனிதனைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் பாதத்தின் பரப்பு நூறு மடங்குதான் கூடும். எடையோ ஆயிரம் மடங்காகும். 75 கிலோ ஆள் 75 டன் ஆவான். ஜப்பானின் ‘மொபைல் சூட் கண்டாம்’ அனிமே உலகில் தரைப்போருக்கென்று செய்த கண்டாமுக்குக் கொடுத்திருக்கும் எடை 52.8 டன். அதாவது, அதே உடல்வாகுள்ள சதைப்பிண்டத்தைவிட இந்த உலோகப் பொம்மை லேசு. ஆற்றில் இறக்கினால் மிதக்க வேண்டும்! இருந்தும் ஒரு காலை ஊன்றி நடக்கையில் ஒரு சதுர மீட்டருக்கு இருபது டன்னுக்கு மேல் அழுத்தம் விழும். பெரிய பீரங்கி வண்டி தன் சங்கிலிப் பட்டைகளால் பரப்பிவிடும் அழுத்தம் இதில் ஏறக்குறைய பாதிதான். சேற்றுக் காட்டில் எது முதலில் புதையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் யோகோஹாமா துறைமுகத்தில் அதே உயரத்தில் நிஜமாகவே ஒரு கண்டாமை எழுப்பி அசைய வைத்தார்கள். சுமார் 25 டன் எடைதான். ஆனாலும், பின்னாலிருந்த தாங்குசட்டம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. தன் காலில் தானே நின்று அது நடக்கவில்லை.

இவ்வளவு நம்பமுடியாத ஒன்றை வைத்துக்கொண்டு நம்பும்படி கதை சொல்ல முடியுமா? 1996 முதல் 1999 வரை வீட்டு வீடியோவுக்கென்றே வெளியான பன்னிரண்டு பகுதிக் கிளைத்தொடர் ‘எட்டாவது எம்.எஸ். டீம்’ முடியும் என்கிறது. 1979இல் யோஷியுகி டொமினோ தொடங்கிய மூலத்தொடரின் ஒரு வருடப் போர்தான் இங்கும் களம். ஆனால் விண்வெளியின் வீரநாயகர்களை விட்டுவிட்டுத் தென்கிழக்காசியக் காட்டில் திரியும் சிறு படைக்குழு ஒன்றை இது பின்தொடர்கிறது. முதல் பகுதியிலேயே தொடரின் குணம் தெரிந்துவிடுகிறது. நாயகன் ஷிரோ அமடா ஏறுவது கண்டாமில் அல்ல. பீரங்கி பொருத்திய, இரண்டு கை முளைத்த ‘பால்’ என்ற உருண்டைக் கலத்தில். அதை ஓட்டிக்கொண்டு எதிரியின் ‘ஸாக்கு’ இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறான்.

ஒரே ஒரு பொய்யை வாசலில் அனுமதித்துவிட்டு உள்ளே மற்ற எல்லாவற்றிலும் கறாராக இருப்பதுதான் இத்தொடரின் சாமர்த்தியம். அந்தப் பொய் மினோவ்ஸ்கி துகள். அது பரவிய இடத்தில் ரேடாரும் தொலைதூர வானொலியும் செத்துப்போகும். குறிபார்த்துப் பறக்கும் ஏவுகணைக்கும் வேலையில்லை. கண்ணால் பார்த்துத்தான் சண்டை. இதை ஒப்புக்கொண்டால் மற்றவை ஒன்றிலிருந்து ஒன்றாக வருகின்றன. ரேடார் குருடானால் காது வேண்டும். ஆகவே குழுவோடு ஒரு ஹோவர் டிரக் வருகிறது. தரையில் உணரிகளை இறக்கி எதிரியின் காலடி அதிர்வை ஒட்டுக்கேட்கிறது. நீளமான 180 மில்லிமீட்டர் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடக்க முடியாது. துண்டுதுண்டாக முதுகுப் பெட்டியில் சுமந்துபோய் இடத்தில் பூட்டுகிறார்கள். குழுவைச் சேர்ந்த கேரன் ஓட்டும் கண்டாமின் தலை சண்டையில் நாசமாகிறது. மாற்றுத் தலை கைவசம் இல்லை. மலிவு ரகமான ‘ஜிம்’மின் தலையைக் கழற்றி மாட்டிவிடுகிறார்கள், ஒரு லாரிக்கு இன்னொரு லாரியின் முகப்பைப் பொருத்துவதுபோல. ஷிரோவின் இயந்திரமும் சிதைந்து, பட்டறையில் கிடைத்த பாகங்களால் மீண்டு வருகிறது; நெற்றியில் இருந்த கம்பீரமான ‘வி’ கொம்பு போய், தலையோரத்தில் ஒரு சாதாரணக் கம்பி ஆண்டெனா நிற்கிறது. கொம்பு இல்லாத கண்டாமை நாயகனுக்குக் கொடுக்கத் துணிவு வேண்டும்.

இதெல்லாம் பிளாஸ்டிக் மாடல் விற்கும் தந்திரம், தலைக்கொரு விதம் கொம்புக்கொரு விதம் என்று பெட்டி பெட்டியாக விற்கலாம் என்பார்கள். விற்றார்கள்தான். 1980இலிருந்தே கண்டாமுக்குச் சோறு போடுவது பந்தாய் நிறுவனத்தின் மாடல்கள். ஆனால் விற்பனைக்கு மட்டும் என்றால் இன்னும் பளபளப்பான புதிய வடிவம் போதுமே. உதிரிபாகத் தட்டுப்பாட்டைக் கதைக்குள் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. பீரங்கி வண்டியே மேல் என்றால் இந்த நாடகம் எதற்கு என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்குக் கண்டாம் உலகம் ஒரு பதில் வைத்திருக்கிறது: இவை பிறந்தது விண்வெளிக்காக. அங்கே கையையும் காலையும் வீசினாலே எரிபொருள் செலவில்லாமல் உடலைத் திருப்பலாம். ஆகவே கைகால் அங்கே வெறும் அலங்காரமல்ல. தரைக்கு இந்த நியாயம் பொருந்தாது, உண்மைதான். பொருந்தாத இடத்துக்கு வந்துவிட்ட இயந்திரம் படும் பாட்டைக் காட்டுவதால்தான் இத்தொடர் மற்றவற்றைவிட உயர்கிறது என்பேன்.

குறையும் உண்டு. எதிரணிப் பெண் ஐனாவோடு ஷிரோவுக்கு வரும் காதல் இயந்திரங்களைவிடக் குறைவாகவே நம்ப வைக்கிறது. பறக்கும் பேராயுதமான அப்ஸலஸ் முன்னுக்கு வரவரக் கணக்குவழக்கு தளர்கிறது. ஆனால் அந்தக் காதலுக்குள்ளும், பனிமலையில் சிக்கிய இருவரும் குளிர்தாங்க, கண்டாமின் ஒளிவாளால் பனியை உருக்கி வெந்நீர்க் குளம் செய்யும் காட்சி இருக்கிறது. கப்பலைப் பிளக்கும் ஆயுதத்தை முதலில் வெப்ப மூலமாகப் பார்த்தவர் எழுதிய காட்சி அது.

பத்தாவது பகுதியில் எதிரணி வீரன் நாரிஸ் பாக்கார்டின் தனி ‘கவ்ஃப்’ இயந்திரம் எட்டாவது குழுவோடு மோதுகிறது. அவன் குறி கண்டாம்கள் அல்ல, அவை காவல் நிற்கும் மூன்று ‘கன்டேங்கு’ பீரங்கி இயந்திரங்கள். தன் தரப்பின் மருத்துவக் கப்பலைச் சுட்டுவிடும் தூரத்தில் அவை இருக்கின்றன. கட்டடங்களின் மறைவையும் உயரத்தையும் பயன்படுத்தி, கயிற்றை வீசி, ஒவ்வொன்றாக நெருங்குகிறான். ஷிரோ கடைசியில் அவனை வெட்டி வீழ்த்துகிறான். ஆனால் மூன்றாவது கன்டேங்கும் அதே நொடியில் போய்விடுகிறது. கணக்குப்படி அன்றைய வேலையை முடித்தவன் நாரிஸ்தான்.