ஏ சீட்டா, எஃப் சீட்டா?

டெல்லியிலிருந்து பாக்டோக்ராவுக்கு டிக்கெட் எடுப்பவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் 'ஏ' எழுத்துள்ள சீட்டைத்தான் தேடுவார்கள். இந்த வழியில் ஓடும் விமானங்களில் ஏ என்பது இடது ஜன்னல், எஃப் வலது ஜன்னல். விமானம் ஏறக்குறைய நேர்கிழக்கே போகிறது. இமயமலை வடக்கே, அதாவது இடப்பக்கம். தௌலாகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு என்று ஒவ்வொன்றாக வந்து, பின்பாதியில் எவரெஸ்ட், மக்காலு, இறங்குகிற நேரத்தில் கஞ்சன்ஜங்கா. இதுவரை எல்லோரும் யோசித்துவிடுகிறார்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று யோசிப்பவர்கள் குறைவு. பாதிக் காட்சி அதில்தான் இருக்கிறது.

தூரம் ஒரு பொருட்டே அல்ல. 11 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் சுமார் 375 கி.மீ. தள்ளி இருக்கிறது, எவரெஸ்டோ இந்த வழியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தொல்லை இடையிலுள்ள காற்றுதான். அதிலுள்ள தூசு, ஒளியைப் பெரும்பாலும் அது போகிற திசையிலேயே சிதறடிக்கும். அதனால் சூரியனை நோக்கிப் பார்த்தால் எல்லாம் வெளுத்துக் கிடக்கும். சூரியனுக்கு முதுகு காட்டிப் பார்த்தால் அதே காற்று எவ்வளவோ தெளிவு. குளிர்காலத்தில் வட இந்தியாவில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கிறது. ஆக இடது ஜன்னல் நிழல் பக்கம். எதிரே மலையின் தென்முகமோ முழு வெயிலில்.

8,849 மீட்டர் உயரம் என்று நினைத்துக்கொண்டு வெள்ளைவெளேரென்ற எவரெஸ்டைத் தேடினால் ஏமாற்றம்தான். தெற்கிலிருந்து பார்க்கும்போது நுப்ட்சே, லோட்சே மலைச்சுவர் அதன் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். அதற்குப் பின்னாலிருந்து கருத்த முக்கோணமாக ஒரு முனை மட்டும் எட்டிப் பார்க்கும். குளிர்காலத்து ஜெட் காற்று பனியை வழித்தெடுத்துவிடுவதால் வந்த கருமை அது. வழித்த பனி சில நாட்களில் உச்சியிலிருந்து கிழக்கே கொடி போலப் பறப்பதும் உண்டு. பக்கத்திலுள்ள மக்காலுதான் கூடுதல் கம்பீரம் என்பது என் கட்சி.

மலையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடுவது கீழே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளியில் மூடுபனி படர்ந்து கிடக்கும். நிழல் பக்கத்து ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தால், நடுவில் வெளிச்சமும் விளிம்பில் சிவப்புமாக ஒரு வண்ண வளையம் விமானத்தோடு கூடவே ஓடி வரும். இதற்கு குளோரி என்று பெயர். வானவில்லுக்கு மழைத்துளி வேண்டும்; இதற்கு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கே உள்ள நுண்துளிகள் போதும். அவை ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்ப, திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் பிரிகிறது. துளி சிறியதானால் வளையம் பெரியது. வளையம் சுருங்கி விரிந்தால் கீழே துளியின் அளவு மாறுகிறது என்று பொருள்.

விமானம் மேகத்தை ஒட்டிப் பறக்கும்போது வளையத்துக்குள் அதன் நிழலும் தெரியும். வளையத்தின் மையம் நிழலில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள்: உங்கள் சீட் இருக்கிற இடத்தில். முன்வரிசைக்காரருக்கு அது மூக்குப் பக்கம், கடைசி வரிசைக்காரருக்கு வால் பக்கம். ஆளுக்கொரு வளையம்! உயரம் கூடக்கூட நிழல் கரைந்துவிடும். சூரியன் வெறும் புள்ளியல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு என்பதால். வளையம் மட்டும் மிஞ்சும்.

1894-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் இந்த வளையத்தைப் பார்த்து மயங்கிய சி.டி.ஆர். வில்சன், மேகத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்கப் பார்த்தார். அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறை அப்படித்தான் பிறந்தது. 1927-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு.

சூரியன் அடிவானத்துக்கு எவ்வளவு மேலேயோ, வளையம் அவ்வளவு கீழே. குளிர்கால நண்பகலில் டெல்லிப் பக்கம் சூரியன் 40 டிகிரிகூட ஏறுவதில்லை. ஜன்னலுக்கு அது தோதான கோணம். ஜூன் நண்பகலில் வளையம் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் போய்விடும்.

வரிசை என்றால் இறக்கைக்கு முன்னால் எடுங்கள். பின்னால் உட்கார்ந்தால் எஞ்சினிலிருந்து வரும் சூடு காட்சியை நெளிய வைக்கும். போலராய்டு கூலிங்கிளாஸைக் கழற்றிவிடுங்கள். அதன் வழியாகப் பார்த்தால் ஜன்னலின் அக்ரிலிக்கே வண்ணப் பட்டைகளாகத் தெரியும். திரும்பி வரும்போது எஃப். ஜூலை, ஆகஸ்டில் மலை பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். அப்போது ஓரத்து ஜன்னலுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? நடைபாதை சீட்டில் காலையாவது நீட்டிக்கொள்ளலாம்.