கைக்குழந்தையோடு கச்சேரிக்கா?

"கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு கச்சேரிக்கா? நல்லாத்தான் இருக்கு!"

இந்தப் பேச்சை நான் முதலில் கேட்டது 1986-ல். சொன்னவர் என் மாமியார். பதில் பேசாமல் அடுப்படிக்குத் திரும்பியவள் நான். போன ஆடி மாதம் அதே பேச்சு என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது! எதிரே நின்றவள் என் மருமகள். அவள் இடுப்பில் எட்டு மாதப் பேரன்.

"அத்தே, அம்மன் கோயில்ல இன்னிக்கு ஆர்கெஸ்ட்ராவாம். கொஞ்ச நேரம் போய்ட்டு வந்துடலாமா? இவன் பொறந்ததுலேருந்து ஆஸ்பத்திரியைத் தவிர நான் வேற எங்கயும் போகல" என்றாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வேலூர்க்காரர்களுக்குப் பாட்டுக் கச்சேரி என்றால் சபாவும் டிக்கெட்டும் அல்ல, தெருதான். ஆடியில் அம்மன் கோயில் கூழ் வார்த்தல், சித்ரா பௌர்ணமியில் புஷ்பப் பல்லக்கு, பக்கத்துக் குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு என்று ஏதாவது ஒரு திருவிழா வரும். தெருவை அடைத்து மேடை போட்டால் அதுவே எங்கள் சங்கீத மண்டபம். கொசப்பேட்டையில் சிறுமியாக இருந்தபோது, சாயங்காலமே பாயைக் கொண்டுபோய் விரித்து முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவேன்.

பாட்டு ரேடியோவிலும்தான் வரும். ஆனால் தபலாக்காரர் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதும், பாடகி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மைக்கை எட்டிப் பிடிப்பதும், பல்லவியைத் தவறவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதும் ரேடியோவில் வருமா? நம் கண்ணெதிரே பாட்டு பிறக்கிறது. அதுதான் அதன் ருசி.

இந்த மேடைகளை லேசாக நினைத்துவிடாதீர்கள். 1976-ல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைக்கும் முன்பு இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோடும் மற்ற சகோதரர்களோடும் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தவர். எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் அவரும் கங்கை அமரனும் வாசித்திருக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு இந்தப் பலகை மேடைதான் பள்ளிக்கூடம்.

கல்யாணத்துக்குப் பிறகு என் கச்சேரியெல்லாம் மொட்டை மாடியோடு சரி. துணி எடுக்கிற சாக்கில் போய், காற்றில் வருகிற பாட்டைக் கேட்டுவிட்டு இறங்கி வருவேன். 'இதெல்லாம் ஒரு குறையா?' என்று நீங்கள் கேட்கலாம். குறைதான் சகோதரிகளே! சொன்னால் சிரிப்பார்களே என்று மனசுக்குள் போட்டுக்கொண்ட குறை.

அதனால், "போகலாம் வா" என்றேன் மருமகளிடம். போனோம். அங்கேதான் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன்.

பழைய ஞாபகத்தில் நேரே முன்வரிசைக்கு நடந்தேன். என் சின்ன வயதில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இரண்டு இருக்கும். இப்போது மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். ஏன் காலியாக இருந்தது என்பது டிரம்ஸில் முதல் அடி விழுந்ததும் புரிந்தது! என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. குழந்தை உடம்பெல்லாம் தூக்கிப்போட்டு வீறிட்டான். இரண்டு கையாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வெளியே வந்தோம்.

அன்று ராத்திரி முழுக்க என் காதில் 'ங்ங்' என்று ஒரே ரீங்காரம். காலையில் மருமகள் கண்கள் சிவந்திருந்தன. "நான் ஆசைப்பட்டிருக்கவே கூடாது அத்தே" என்றாள். காது இரைச்சலைவிட அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. இவளும் இனிமேல் மொட்டை மாடிதானா?

அன்றே குழந்தையையும் கூட்டிக்கொண்டு காது டாக்டரிடம் போனோம். சோதித்துப் பார்த்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். என் காதும் அன்று சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டது. அவர் எடுத்துச் சொன்ன விவரங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் உட்காதில் மெல்லிய மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்குச் சேர்ப்பது அவைதான். பெருத்த சத்தத்தில் அவை சோர்ந்துபோவதால்தான் காது அடைப்பதும் இரைவதும். ஓய்வு கொடுத்தால் தேறும். ஆனால் ஒருமுறை செத்துவிட்டால் மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

சத்தத்தை அளப்பது டெசிபல் கணக்கில். பெரியவர்களுக்கே 85 டெசிபல் சத்தம் நாளைக்கு 8 மணி நேரம்தான் தாங்கும் என்பது தொழிற்சாலைகளுக்கு வைத்திருக்கும் ஒரு கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம்தான்! ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் அதையும் தாண்டிவிடும். கைக்குழந்தையின் காதுத் துவாரம் சிறியது. அதே சத்தம் அதற்குள் இன்னும் ஓங்கி விழும். வலித்தால் சொல்லவும் அதற்குத் தெரியாது.

"அப்போ கச்சேரியே கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"கூடாதுன்னு சொல்லலைம்மா. தள்ளி உட்காருங்க" என்றார்.

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையுமாம். பக்கத்திலிருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறதா, அதுதான் உட்காரும் இடத்துக்கு அடையாளம். குழந்தைகளுக்கென்றே தலையைச் சுற்றி மாட்டும் காதுமூடி விற்கிறது. பஞ்சை அடைப்பதில் அதிகப் பலனில்லை. காதில் செருகும் சின்ன அடைப்பான் குழந்தை கைக்குப் போனால் வாய்க்குப் போய்விடும், ஆபத்து. அரை மணிக்கு ஒருமுறை சத்தமில்லாத இடத்துக்கு நகர வேண்டும். மறுநாளும் இரைச்சல் நிற்கவில்லை என்றாலும், திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சட்டமும் நம் பக்கம்தான். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு அனுமதி தரலாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். விழாக் குழுவில் நமக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், பெட்டியைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், அதன் பக்கத்தில் குழந்தைகளை உட்காரவைக்காதீர்கள் என்று நாமே சொல்லலாமே!

இரண்டு வாரம் கழித்து அடுத்த தெருவில் கச்சேரி. மருமகள் வாயே திறக்கவில்லை. நான்தான், "கிளம்பு" என்றேன். குழந்தையைக் காதுமூடியோடு தோளில் போட்டுக்கொண்டு நான் தெருக்கோடியில் டீக்கடை அருகே நின்றுகொண்டேன். அவளை மட்டும் கூட்டத்தின் நடுவே அனுப்பினேன். அரை மணி கழித்து அவள் குழந்தையை வாங்கிக்கொள்வது, நான் போவது என்று பேச்சு.

அரை மணி ஆயிற்று. தூரத்திலிருந்து பார்த்தேன். கையைத் தட்டித் தாளம் போட்டபடி, பாட்டோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பேரன் என் தோளில் தூங்கிப்போயிருந்தான். என் முறையை அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

என் மாமியார் சொன்னதில் பாதி சரி. குழந்தையின் காது பத்திரம். மீதிப் பாதியை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தையைப் பெற்றவளுக்கும் காது இருக்கிறது, அதற்குள் ஒரு மனசும் இருக்கிறது. உங்கள் வீட்டில் கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால், அடுத்த திருவிழாவுக்கு நீங்களே கேளுங்களேன்: "கச்சேரிக்குப் போகலாமா?"