பல் மருத்துவமனையில் சுத்தம் எது?

நாற்பது ஆண்டுகளாக மும்பையில் பாத்திர வியாபாரம் செய்பவன் நான், மருத்துவம் படித்தவனல்ல. சென்ற ஆண்டு ஒரு கடைவாய்ப்பல்தான் என்னை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது.

பல்லைப் பிடுங்கியபின் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வாயிலிருந்து எடுத்த கருவிகளை அங்கே வேலை பார்க்கும் பெண் வெறுங்கையால் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். தாராவியிலிருந்து வரும் நம் தமிழ்ப் பெண். தையல் பிரிக்கப் போனபோது விசாரித்தேன். "கொதிக்கிற தண்ணியில போட்டு, ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சிருவோம் அங்கிள்" என்றாள்.

தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் சமணக் குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர் என்பது புதிய சங்கதியல்ல. ஆனால் சில கிருமிகள் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு கொதிநீரையும் தாங்கும் என்பதைப் படித்துத்தான் அறிந்தேன். இதற்கு விளக்கம் என் கடை அலமாரியிலேயே இருந்தது! திறந்த பாத்திரத்தில் எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. குக்கர் போல மூடி, 15 பவுண்டு அழுத்தம் ஏற்றினால் நீராவி 121 டிகிரியைத் தொடும். ஆட்டோகிளேவ் என்பது இந்தத் தத்துவமே. அந்தச் சூட்டில் குறைந்தது 15 நிமிடம். உறையில் சுற்றிய கருவிகளுக்கு 30 நிமிடம். (வீட்டுக் குக்கர் போதுமா என்று கேட்டுவிடாதீர்கள். அதில் சூட்டைக் காட்டும் மானியும் இல்லை, கருவியை உலர்த்தும் வழியும் இல்லை.)

அதற்கு முன் கழுவியாக வேண்டும். அடிப்பிடித்த பாத்திரம் போலத்தான். இரத்தம் ஒட்டியிருந்தால் நீராவி அடியிலிருக்கும் கிருமியைத் தொடாது. கழுவும்போதுதான் கையில் குத்துகிறது. பரிசோதனைக்குப் போடும் மெல்லிய கிளவுஸ் இதற்கு ஆகாது, தடித்த ரப்பர் கையுறை வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள் வரைகூட வீரியத்தோடு இருக்கும். அந்த இரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத 100 பேரைக் குத்தினால் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எய்ட்ஸ் கிருமிக்கோ இந்தக் கணக்கு ஆயிரத்துக்கு 3தான். நாம் பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறொன்று.

மெஷின் வாங்கி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2023இல் நம் வாணியம்பாடிப் பக்கத்தில் நடந்ததைப் பலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களில் பத்துப் பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற மண்வாழ் கிருமியின் நோய் மூளையைத் தாக்கியது. எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். கிருமி இருந்த இடம் ஒரு சலைன் பாட்டில். சிகிச்சைக் கருவியாலேயே அதைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தவருக்கும் அதையே ஊற்றியிருக்கிறார்கள். சில ரூபாய் பாட்டில்! ஒரு நோயாளிக்குத் திறந்ததை அவரோடு கொட்டிவிட வேண்டும் என்று உதவியாளருக்குச் சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? பெரும்பாலோர் பார்த்துப் பழகியவர்கள்தாம். குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசுத் திட்டத்தில் நாடு முழுதும் வந்ததே 2011 வாக்கில். ஆகையால் இன்று வேலைக்கு நிற்கும் இருபது வயதுப் பெண்களில் பலருக்கு அது விட்டுப் போயிருக்கும். மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். நம்மவர் பிள்ளைகள் பலர் இந்த வேலைக்குப் போகிறார்கள். சேரும் முன்பே கேட்டு வாங்குங்கள். நோயாளியாகப் போகிறவர்கள், "உறையை என் எதிரில் பிரிங்க" என்று கூசாமல் சொல்லலாம்.

டாக்டரிடம் இதைப் பேசினேன். முதலில் முகம் சுளித்தார். வியாபாரி பாடம் நடத்துகிறானே என்று இருந்திருக்கும். பிறகு, இருந்த பழைய ஆட்டோகிளேவை ரிப்பேர் பார்த்து ஓட்டுகிறார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஊசி ஆகிவிட்டது. மூன்றாவது தீபாவளி கழித்து.