‘யெஸ்’ என்பது ‘ஆம்’ ஆகுமா?
எதிர்மறை வினாக்களுக்கான விடைச்சொற்கள்: ஆங்கிலம் – தமிழ் ஒப்பீடு

1. முன்னுரை

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவரிடம் கோடிட்ட இடத்தை நிரப்புமாறு கீழ்வரும் பயிற்சி கொடுக்கப்படுகிறது எனக் கொள்வோம்: “டோன்ட் யூ லைக் டீ?” – “------, ஐ டோன்ட்.” (உங்களுக்குத் தேநீர் பிடிக்காதா? – -----, பிடிக்காது.) வினைத்திரிபுகளையும் காலங்களையும் செவ்வனே கையாளும் மாணவரும் இவ்விடத்தில் ‘யெஸ்’ என்று எழுதிவிடுவதுண்டு. ஆசிரியர் அதனை அடித்துவிட்டு ‘நோ’ என்று திருத்துகிறார். ‘ஏன்?’ என்று மாணவர் வினவும்போது, ‘ஆங்கில மரபு அது’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

இவ்விடை போதுமானதன்று. மாணவர் செய்தது கவனக்குறைவால் நேர்ந்த பிழையும் அன்று. தம் தாய்மொழியின் ஒழுங்கான விதி ஒன்றையே அவர் ஆங்கிலத்திலும் பின்பற்றியுள்ளார். அவ்விதி யாது, ஆங்கில விதி அதனின்று எவ்வாறு வேறுபடுகிறது, இவ்வேறுபாட்டால் மொழிபெயர்ப்பில் நேரும் இடர்கள் யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இரு மொழிகளின் ஒழுங்கு

முதலில் ஆங்கில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

(1) டிட் யூ ஸைன் இட்? (அதில் கையொப்பமிட்டீர்களா?)
அ. யெஸ், ஐ டிட்.
ஆ. நோ, ஐ டிடின்ட்.

(2) டிடின்ட் யூ ஸைன் இட்? (அதில் கையொப்பமிடவில்லையா?)
அ. யெஸ், ஐ டிட்.
ஆ. நோ, ஐ டிடின்ட்.

வினா உடன்பாடாயினும் எதிர்மறையாயினும் விடைகள் மாறவில்லை. ‘யெஸ்’ என்னும் சொல் தன்னை அடுத்து வரும் உடன்பாட்டுத் தொடரோடும், ‘நோ’ என்பது எதிர்மறைத் தொடரோடும் இயைகின்றன. விடைத்தொடர் வெளிப்படையாக வாராத இடத்தும் அது தொக்கு நிற்பதாகவே கொள்ள வேண்டும். எனவே ஆங்கிலத்தில் விடைச்சொல்லைத் தீர்மானிப்பது விடைத்தொடரின் உடன்பாடு அல்லது எதிர்மறைத் தன்மையே எனலாம்.

இனித் தமிழ் எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

(3) கையொப்பமிட்டீர்களா?
அ. ஆம், இட்டேன்.
ஆ. இல்லை, இடவில்லை.

(4) கையொப்பமிடவில்லையா?
அ. ஆம், இடவில்லை.
ஆ. இல்லை, இட்டேனே.

இங்கு (3), (4) ஆகியவற்றின் விடைகள் தலைகீழாக மாறியுள்ளன. வினவுவோர் முன்வைக்கும் கருத்து மெய்யாயின் ‘ஆம்’ என்றும், மெய்யன்றாயின் ‘இல்லை’ என்றும் விடை வருகிறது. அக்கருத்து எதிர்மறையாக இருப்பினும் இவ்வொழுங்கு மாறுவதில்லை. ஜப்பானிய மொழியின் ‘ஹய்’, ‘ஈயே’ என்னும் விடைச்சொற்களும் பொதுவாக இவ்வாறே இயங்குகின்றன. ஆகவே இது தமிழுக்கே உரிய விந்தையன்று; உலக மொழிகளில் காணப்படும் இருபெரும் முறைகளுள் ஒன்றாகும்.

3. விடைச்சொற்களின் இலக்கண இயல்பு

இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை விடைச்சொற்களின் இலக்கண இயல்பில் தேடலாம். ஆங்கிலத்தின் ‘யெஸ்’, ‘நோ’ ஆகியவை இடைச்சொற்கள். அவை தாமே பயனிலையாக நில்லா. தமிழின் ‘ஆம்’ என்பதோ ‘ஆகும்’ என்னும் வினைமுற்றின் திரிபு. ‘அது அவ்வாறே ஆகும்’ என்பதே அதன் அடிப்படைப் பொருள். ‘இல்லை’ என்பதும் எதிர்மறைக் குறிப்பு முற்றாகும். ஆகவே ‘ஆம்’ என்று விடையிறுப்பவர் வினவியவர் கூறியதைப் பற்றி ஒரு கூற்றை நிகழ்த்துகிறார். தாம் அடுத்துச் சொல்லப்போகும் தொடருக்கு முன்னடையாளம் இடுவதில்லை. ‘ஆம், இடவில்லை’ என்பதில் தமிழர் எவரும் முரண்பாட்டை உணராமைக்குக் காரணம் இதுவே.

தமிழ் மரபில் விடை என்பது பெரிதும் வினைச்சொல்லைத் திருப்பிக் கூறுதலே என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. நன்னூல் எண்வகை விடைகளைக் கூறுகிறது. அவற்றுள் நேர்விடைக்கும் மறைவிடைக்கும் இலக்கண வகுப்புகளில் தரப்படும் எடுத்துக்காட்டுகள் ‘செய்வாயா?’ என்னும் வினாவுக்குச் ‘செய்வேன்’, ‘செய்யேன்’ என்பன போல வினைமுற்றாக அமைகின்றன. இவ்வாறு வினையையே திருப்பிக் கூறுமிடத்து ஐயத்திற்கு இடமில்லை.

ஆயினும் தமிழ் முறையிலும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. (4)ஆம் வினாவுக்குப் பேச்சு வழக்கில் ‘இல்லை, இடவில்லை’ என்றும் விடை வருவதை நாம் அன்றாடம் கேட்கிறோம். இங்கு ‘இல்லை’ என்பது மறுப்புச் சொல்லாக நில்லாமல், ‘இடவில்லை’ என்பதன் இறுதியில் உள்ள ‘இல்லை’யின் எதிரொலியாக நிற்கிறது. எனவே ‘இடவில்லையா?’ என்பதற்கு ‘இல்லை’ என்று மட்டும் ஒருவர் விடை கூறின், அது ‘இடவில்லை’ என்றும் பொருள்படலாம். ‘நீங்கள் நினைப்பது சரியன்று, இட்டேன்’ என்றும் பொருள்படலாம். தொனியும் சூழலுமே பொருளைத் தெளிவாக்கும். எழுத்தில் அத்துணைகள் கிட்டா.

4. ஆங்கில விதியின் வரலாறும் வரம்பும்

ஆங்கில முறையே இயல்பானது, தமிழர் முறை அதன் பிறழ்ச்சி என்று எண்ணுதல் பொருந்தாது. ஆங்கிலத்திலேயே முற்காலத்தில் நான்கு விடைச்சொற்கள் இருந்தன. உடன்பாட்டு வினாவுக்கு ‘யே’, ‘நே’ என்பனவும், எதிர்மறை வினாவுக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்பனவும் விடைகளாக வந்தன. வில்லியம் டிண்டேல் 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில், யோவான் நற்செய்தி முதல் அதிகாரத்தில், உடன்பாட்டு வினா ஒன்றுக்கு ‘நோ’ என்று விடை அமைத்திருந்தார். ‘நே’ என்று இருக்க வேண்டிய இடம் அது என்று சர் தாமஸ் மோர் 1532–33இல் வெளியான தம் மறுப்பு நூலில் அதனைக் கண்டித்தார். அவ்விதியை எடுத்துரைக்குமிடத்து மோரே அதனை மாற்றிக் கூறிவிட்டமையைப் பிற்கால அறிஞர் சுட்டியுள்ளனர். தாய்மொழியாளரும் பேரறிஞருமான ஒருவரே தடுமாறிய இடத்தில் மொழி பயில்வோர் தடுமாறுதல் வியப்பன்று. பின்னர் இந்நான்கும் இரண்டாகச் சுருங்கின. பிரெஞ்சின் ‘ஸி’, ஜெர்மனின் ‘டோக்’ ஆகியவை எதிர்மறைக் கூற்றை மறுத்து உடன்பாடு கூறுதற்கெனத் தனிச்சொற்களாக இன்றும் வழங்குகின்றன.

இன்றைய ஆங்கிலத்திலும் பாடநூல் விதி முழுமையானதன்று. ‘நாட்’ என்னும் சொல் சுருங்காமல் தொடரின் உள்ளே நிற்கும் “இஸ் ஹி நாட் கமிங்?” போன்ற வினாக்களுக்கு ‘யெஸ்’, ‘நோ’ ஆகிய இரண்டுமே ‘வரவில்லை’ என்னும் ஒரே பொருளைத் தரக்கூடும் என்பதை ரூத் கிரேமர், கைல் ராலின்ஸ் ஆகியோர் எடுத்துக்காட்டியுள்ளனர். எதிர்மறை வினாவுக்கு ‘யெஸ்’ என்று விடையிறுத்து எதிர்மறைப் பொருள் கொள்ளும் வழக்கு தெற்காசிய ஆங்கிலத்தின் பண்புகளுள் ஒன்றாகவும் குறிக்கப்படுகிறது. எனவே மாணவரின் விடையைப் ‘பொருளற்றது’ என்று ஒதுக்காமல், ‘தேர்வு எதிர்பார்க்கும் வழக்கு இதுவன்று’ என்று விளக்குவதே முறையாகும்.

5. எதிர்மறை வடிவமும் எதிர்மறைப் பொருளும்

எதிர்மறை வடிவம் கொண்ட வினாக்கள் யாவும் எதிர்மறைக் கருத்தை முன்வைப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். ராபர்ட் லாட் 1981இல் இவ்வேறுபாட்டை விளக்கினார். அவர் காட்டிய முறையைத் தழுவிக் கீழ்வரும் தொடர்களை அமைக்கலாம்.

(5) இஸின்ட் மேரி கமிங் டூ?
(6) இஸின்ட் மேரி கமிங் ஈதர்?

(5)இல் வினவுபவர் மேரி வருகிறாள் என்றே எண்ணுகிறார். அதனை உறுதிப்படுத்திக்கொள்ள விழைகிறார். (6)இல் மேரி வரவில்லை போலும் என்னும் முடிவுக்கு அப்பொழுதுதான் வருகிறார். ‘டூ’, ‘ஈதர்’ என்னும் சொற்கள் இவ்வேறுபாட்டை வெளிப்படுத்துகின்றன. தமிழில் இவ்விரண்டிற்கும் ‘உம்’ ஒன்றே வரும். ஆயினும் வேறுபாடு மறைந்துவிடுவதில்லை; அது வினைமுடிபில் தோன்றுகிறது.

(7) மேரியும் வருகிறாள் அல்லவா?
(8) மேரியும் வரவில்லையா?

(5)க்கு (7)உம், (6)க்கு (8)உம் நேர் ஆகும். (7)க்கு ‘ஆம்’ என்பது ‘வருகிறாள்’ என்றே பொருள்படும். இது ஆங்கில ‘யெஸ்’ உடன் முற்றும் பொருந்துகிறது. (8)க்கு ‘ஆம்’ என்பதோ ‘வரவில்லை’ எனப் பொருள்படும். ஆகவே (5)ஐ ‘மேரியும் வரவில்லையா?’ என்று வடிவம் நோக்கி மொழிபெயர்த்துவிட்டால், அடுத்து வரும் ‘யெஸ்’ என்பதை ‘ஆம்’ என்று பெயர்த்தவுடன் பொருள் நேர்மாறாகிவிடும். புதின மொழிபெயர்ப்பில் உரையாடல்கள் சில இடங்களில் காரணமின்றி முரண்பட்டு ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வடிவில் எதிர்மறையின்றிப் பொருளில் தடை குறிக்கும் வினாக்களும் உண்டு. “டூ யூ மைன்ட் இஃப் ஐ ஸிட் ஹியர்?” என்பதற்கு ‘நோ’ என்பதே இசைவு. இங்குத் தமிழ் மாணவர் ‘யெஸ், ப்ளீஸ் ஸிட்’ என்று கூறுவதற்கு (4)ஆம் தொடரின் விதி காரணமன்று. ‘நான் இங்கே அமர்வதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்று தமிழில் கேட்பினும் ‘இல்லை, அமருங்கள்’ என்பதே விடை. மாணவர் ‘மைன்ட்’ என்னும் சொல்லின் பொருளை விடுத்து, முழுத்தொடரையும் ‘அமரலாமா?’ என்னும் வேண்டுகோளாகக் கொண்டுவிட்டார். தோற்றத்தில் ஒன்றாயினும் இவ்விரு பிழைகளின் காரணங்கள் வேறு. ஆதலால் திருத்தும் முறையும் வேறாதல் வேண்டும்.

6. நீதிமன்றச் சாட்சியமும் விடைச்சொல்லும்

இச்சிக்கல் வகுப்பறையோடு நிற்பதாயின் மதிப்பெண் ஒன்று குறைவதோடு முடிந்துவிடும். சாட்சி தமிழிலும் பதிவு ஆங்கிலத்திலும் அமையும் நீதிமன்றத்தில் இதன் விளைவு பெரிது. ‘நீங்கள் அந்தத் தாளில் கையொப்பமிடவில்லையா?’ என்று கேட்கப்பட்டபோது சாட்சி ‘ஆம்’ என்று மட்டும் கூறுகிறார் எனக் கொள்வோம். அதனை ‘யெஸ்’ என்று பெயர்த்தால், ஆங்கிலப் பதிவைப் படிப்பவர் ‘கையொப்பமிட்டார்’ என்று கொள்வார். சாட்சி கூறியதோ அதற்கு நேர்மாறு.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, அமர்வு நீதிமன்றச் சாட்சியம் பொதுவாக எடுத்துரை வடிவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், நீதிபதி கருதினால் வினாவிடை வடிவிலும் பதியலாம் என்றும் வகுத்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இம்முறையைத் தொடர்கிறது. எடுத்துரை வடிவில் வினா மறைந்து, விடை முழுத்தொடராக மாறுகிறது. அம்மாற்றத்தைச் செய்பவர் ‘ஆம்’ என்பதன் பொருளை அந்நேரத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். பின்னர் அப்பதிவைப் படிப்பவருக்கு மூலவினா கிடைப்பதில்லை. தவறு நேர்ந்திருப்பினும் கண்டறிதல் அரிது.

தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கு இதற்கு ஒரு தீர்வையும் கொண்டுள்ளது. குறுக்கு விசாரணைப் பதிவுகளில் ‘நான் கையொப்பமிடவில்லை என்று சொன்னால் சரியல்ல’ என்னும் வாய்பாடு காணப்படுகிறது. படிப்போர்க்கு இது சுற்றிவளைத்த நடையாகத் தோன்றலாம். ஆயினும் வழக்கறிஞர் முன்வைத்த கருத்து யாது, சாட்சி அதனை ஏற்றாரா மறுத்தாரா என்னும் இரண்டையும் இவ்வொரே தொடர் தனித்தனியே காட்டுகிறது. ‘ஆம்’, ‘இல்லை’ ஆகியவற்றின் இருபொருள்மைக்கு இதில் இடமில்லை. நடையழகு கருதி இதனைச் சுருக்க முற்படும் மொழிபெயர்ப்பாளர் இப்பயனை மறத்தலாகாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் தெளிவாவது ஒன்று. ஆங்கில விடைச்சொல் விடைத்தொடரை நோக்கியும், தமிழ் விடைச்சொல் வினவியவரின் கருத்தை நோக்கியும் நிற்கின்றன. ஆதலின் ‘யெஸ் = ஆம்’, ‘நோ = இல்லை’ என்னும் அகராதிச் சமன்பாடு உடன்பாட்டு வினாக்களுக்கும் ‘அல்லவா’ வகை வினாக்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

ஆசிரியர், மாணவரை முதலில் விடைத்தொடரை எழுதச் செய்து, அதன்பின் விடைச்சொல்லை முன்னே சேர்க்கப் பயிற்றலாம். ‘ஐ டோன்ட்’ என்று முடிவு செய்த பின் ‘நோ’ தானே அமையும். தேர்வு வினா அமைப்போர் விடைச்சொல்லை மட்டும் கேளாது முழு விடையையும் கேட்டால், மாணவர் பொருளை அறியாதவரா, விதியை அறியாதவரா என்பது புலனாகும். மொழிபெயர்ப்பாளர் எதிர்மறை வினாவைக் காணும்போது ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றைத் தனியே நிற்க விடாமல், ‘இட்டேன்’, ‘இடவில்லை’ என வினையைத் திருப்பிக் கூறுதல் நன்று. சாட்சியோ நோயாளியோ ‘ஆம்’ என்று மட்டும் விடையிறுக்கும்போது, வினாவை உடன்பாட்டு வடிவில் மீண்டும் கேட்குமாறு வேண்டுதல் உரைபெயர்ப்பாளரின் கடமையாகக் கொள்ளத்தக்கது. அதனால் செலவாவது ஒரு நொடி. காக்கப்படுவதோ சொன்னவரின் சொல்.