மண்டபத்து விளையாட்டும் கமராவின் கண்ணும்

மாரி தொடங்கிவிட்டால் எமது கீழைக் கரையில் விளையாட்டுக்கள் யாவும் கூரைக்குக் கீழே குடிபுகுந்துவிடுகின்றன. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று கொட்டியாரக் குடாவைக் கடந்து கொண்டுவரும் மழை மைதானங்களைக் குளமாக்கிவிட, கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை நகரிலும் பிள்ளைகள் மண்டபங்களை நாடுகின்றனர். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு பட்மின்டன் வலையைக் கட்டுகின்றனர். மண்டபம் சற்றுப் பெரிதாயின் கரப்பந்தாட்டமும் நடைபெறும். மழைக்கருக்கலில் சன்னல் வழி வரும் வெளிச்சமோ சொற்பம். எஞ்சியது கூரையிலே தொங்கும் டியூப் விளக்குகளின் தயவு.

இத்தகைய மண்டபத்தில் எடுக்கப்பட்ட விளையாட்டுப் படங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அடிக்க ஓங்கிய கை புகையாகத் தெரியும்; முகம் இரண்டு மூன்றாகத் தெரியும். ஆதலாற்றான் பாடசாலை மலர்களிலே ஆட்டத்தின் படம் அருகியும், கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வரிசையாக நிற்கும் படம் பெருகியும் காணப்படுகின்றன. நான்காண்டு விளையாடிய ஒரு பெண்பிள்ளையிடம் அவள் விளையாடியதற்குச் சான்றாக ஒரு படந்தானும் இல்லாதிருப்பது எமக்குக் குறையாகவே படுகின்றது.

குறை எங்கே உள்ளது? எமது கண் இருட்டுக்கு இணங்கிப் போகும் இயல்புடையது. மண்டபத்தில் நுழைந்த சில நிமிடங்களில், “வெளிச்சம் போதும்” என்று அது எம்மை நம்பச் செய்துவிடும். கமராவுக்கு அந்தத் தாராள மனம் இல்லை. உச்சி வெயிலில் ஏறக்குறைய 100000 லக்ஸ் ஒளி விழுகின்றது. சாதாரண மண்டபமொன்றில் விளக்கெல்லாம் எரியும்போதும் 150 அல்லது 200 லக்ஸ் கிடைத்தால் அது நல்ல மண்டபம். பெரிய சர்வதேசப் போட்டிகளின் அரங்குகளில் 1000 லக்ஸுக்கு மேல் ஒளி வைத்திருப்பார்கள். பத்திரிகைப் படப்பிடிப்பாளர் அங்கே நின்றுகொண்டு சொல்லும் யோசனைகளை நாம் அப்படியே எமது மண்டபத்திற்குக் கொண்டுவந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

“மின்னல் விளக்கைப் பொருத்திக்கொண்டால் என்ன?” என்று சிலர் வினவலாம். பாய்ந்து வரும் பந்தை நோக்கி நிற்பவரின் கண்ணிலே பளீரென்று ஒளியைப் பாய்ச்சுவது முறையன்று. நடுவர் அதற்கு இடங்கொடுக்கவும் மாட்டார். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட அரங்குகளிலே கூரையின் மேல் பெரிய மின்னல் விளக்குகளைக் கட்டிவைத்துத் தூரத்திலிருந்து இயக்குகின்றனர். அது அவர்களுக்கு ஆகும். எமக்கு உள்ள வழி, கமராவின் கண்ணை அகலத் திறப்பதே.

அக்கண்ணின் அகலத்தைச் சொல்லும் எண்ணே வில்லையின் விளிம்பிலே பொறிக்கப்பட்டிருக்கும் எஃப்-எண். வில்லையின் குவியத்தூரத்தை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது அது. 50 மில்லிமீற்றர் வில்லையிலே திறப்பு ஏறத்தாழ 28 மில்லிமீற்றராயின் எஃப் 1.8. எண் சிறுக்கச் சிறுக்கத் திறப்பு பெருக்கும். விட்டம் இரு மடங்கானால் ஒளி நான்கு மடங்காகும் என்பதை வட்டத்தின் பரப்பளவு படித்த பிள்ளையும் சொல்லும். ஆகவே எஃப் 5.6-ஐவிட எஃப் 2.8 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 1.8-ஓ ஏறக்குறைய பத்து மடங்கு. இத்தகைய அகன்ற வில்லைகளையே படப்பிடிப்பாளர் ‘வேகமான’ வில்லை என்கின்றனர். வில்லை ஓடுவதில்லை, ஒளியை விரைவில் சேர்த்துக் கொடுத்து ஷட்டரை விரைவாக மூட இடந்தருகின்றது, அவ்வளவுதான்.

இந்த அகலத்துக்கான தேட்டம் படப்பிடிப்பின் வயதை ஒத்தது. 1840-இல் வியன்னாவிலே கணிதப் பேராசிரியராயிருந்த யோசப் பெட்ஸ்வால், பீரங்கிப் படையிலே கணக்கில் வல்ல வீரர் சிலரைத் துணையாகப் பெற்று, ஏறக்குறைய எஃப் 3.6 அளவுள்ள வில்லை ஒன்றைக் கணக்கிட்டு அமைத்தார். பல நிமிடங்கள் அசையாது இருந்தவர்கள் அதன் பின்னர் ஒரு நிமிடத்திற்கும் குறைவாக இருந்தால் போதுமாயிற்று. 1924-இல் ஜேர்மனியில் எர்மனாக்ஸ் என்னும் சிறு கமரா எஃப் 2 அளவுள்ள எர்னஸ்டார் வில்லையுடன் வெளிவந்தது. சிறிது காலத்தில் எஃப் 1.8-உம் வந்தது. அவ்வில்லையை அமைத்த லுட்விக் பெர்டெலே அப்போது இருபத்துநான்கு வயதும் நிரம்பாத இளைஞர். அக்கமராவைக் கொண்டு எரிக் சலமன் என்னும் சட்டம் படித்த அறிஞர், நீதிமன்றங்களிலும் நாடுகளின் மாநாட்டு மண்டபங்களிலும் மின்னல் விளக்கின்றிப் படமெடுத்துப் புகழ்பெற்றார். யூதராகப் பிறந்த அவர் 1944-இல் நாசிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். அத்துணை அகன்ற வில்லை இருந்தும் அக்காலத்துத் தகடுகள் மந்தமானவை. பேசுகின்றவர் ஒரு கணம் அசைவற்றிருக்கும் வேளை பார்த்துக் காத்திருந்தே அவர் படமெடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புக்குப் பின்னர் வருவோம்.

இப்போது கணக்கு. எமது மண்டபத்தில் கமராவின் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200-இல் வைத்து, எஃப் 2.8-இல் அளந்தால் செக்கனில் 250-இல் ஒரு பங்கு கிடைக்கிறதென்று கொள்வோம். கமராவுடன் சேர்ந்து வரும் சாதாரண வில்லையை நீட்டினால் அது எஃப் 5.6-க்கு இறங்கிவிடும். அங்கே கிடைப்பது 60-இல் ஒரு பங்கே. எஃப் 1.8 வில்லையிலோ 600-இல் ஒரு பங்கு. செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் வீசப்படும் கை, 60-இல் ஒரு பங்குச் செக்கனில் பதினேழு சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 600-இல் ஒரு பங்கில் ஒன்றே முக்கால் சென்ரிமீற்றருக்கும் குறைவு. புகைக்கும் கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பட்மின்டன் பந்தையும் உறையவைக்க வேண்டும் என்று ஆசைப்படுவோர் உண்டு. 2023-இல் ஆந்திரத்து வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் நடந்த சோதனையொன்றில் அடித்த அடி மணிக்கு 565 கிலோமீற்றர் வேகம் என்று கின்னஸ் பதிவேட்டில் ஏறியுள்ளது. ஆயிரத்தில் ஒரு பங்குச் செக்கனிலும் அது பதினைந்து சென்ரிமீற்றருக்கு மேல் பறந்துவிடும். எமது பிள்ளைகள் அத்துணை வேகமாக அடிப்பதில்லை. ஆயினும் பந்து சற்றே கோடாகத் தெரிவதை ஏற்றுக்கொள்வது நன்று. முகம் தெளிவாயிருந்தால் அக்கோடும் அழகே.

எம்மிடம் படிக்கும் கிண்ணியா மாணவர் ஒருவர் சென்ற மாரியில் ஒரு கேள்வியுடன் வந்தார். “சேர், 300 மட்டும் இழுக்கிற லென்ஸ் ஒண்டு வாங்கித் தாறன் எண்டு வாப்பா சொல்றார். தங்கச்சிட பட்மின்டன் ஆட்டத்த எடுக்க அது காணுமா?” தந்தையார் குடாவிலே மீன்பிடிப்பவர், படகு எஞ்சினைப் பழுதுபார்க்கச் சேர்த்த பணத்திலிருந்து எடுத்துத் தருவதாக இருந்தார். மகனுக்குத் தூரத்தை இழுக்கும் வில்லையில் மோகம். நாம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, உங்கள் மண்டபத்தின் நீளம் எவ்வளவு?” பட்மின்டன் களமே 13.4 மீற்றர். வலைக்கம்பத்தின் அருகே நின்றால் எந்த ஆட்டக்காரியும் ஒன்பது பத்து மீற்றருக்கு அப்பால் போகமாட்டாள். தூரம் அங்கே குறையே அன்று, ஒளிதான் குறை. 300 மில்லிமீற்றர் வரை நீளும் அந்த வில்லை, நீட்டிய நிலையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். அப்பணத்தில் சிறு பகுதிக்கே 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை கிடைக்கும்.

வாங்குமுன் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றையும் அவருக்குச் சொன்னோம், செலவில்லாதது. கமராவுடன் வந்த வில்லையை 50-இல் நிறுத்தி, வளையம் அசையாதவாறு பட்டி ஒட்டிவிட்டு, ஒரு மாலை முழுவதும் காலால் முன்னும் பின்னும் நடந்து படமெடுப்பது. படம் மங்கலாகத்தான் வரும். ஆனால் சட்டத்திற்குள் ஆள் அடங்குகிறாரா என்பது தெரிந்துவிடும். சிறிய உணர்தகடு உள்ள சாதாரண கமராக்களிலே 50 மில்லிமீற்றர் வில்லையை நிமிர்த்திப் பிடித்தால் ஆறு மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 2.7 மீற்றர் உயரம் அடங்கும். துள்ளி எழும் பிள்ளைக்கு அது தாராளம். எஞ்சின் பழுதுபார்க்கப்பட்டது, மாணவர் 50-ஐயே வாங்கினார். தங்கை வலையோரம் தாழ்ந்து பந்தை ஏந்தும் படம் ஒன்றை எமக்குக் காட்டினார். பந்து கோடாகத்தான் இருந்தது.

கரப்பந்தாட்டத்திற்கு 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 இன்னும் பொருந்தும். களத்தின் அகலம் ஒன்பது மீற்றர். எதிர்ப் பக்கத்தில் எழும்புபவரை முழுதாக நிரப்ப 50 சற்றுக் குறுகியது. பணம் படைத்தோர் 70 முதல் 200 வரை நீளும் எஃப் 2.8 வில்லையை வாங்கலாம். அது நல்ல வில்லைதான். ஆயினும் ஒன்றரைக் கிலோ எடை, விலையோ அதைவிடப் பாரம். இவ்விரண்டையும் ஒன்றாக்க முயன்றால் என்ன நேரும் என்பதற்கு கனன் நிறுவனத்தார் 1988-இல் வெளியிட்ட 200 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையே சான்று. அதன் எடை மூன்று கிலோகிராம்! மாறாக, 50 மில்லிமீற்றர் வில்லையின் மலிவுக்குக் காரணம் அதன் பழமை. 1896-இல் ஜேர்மானியர் போல் ருடோல்ப் வகுத்த பிளானார் அமைப்பின் வழிவந்த ஆறு கண்ணாடிகள். நூறாண்டுக்கு மேல் பழகிய வேலை.

அகன்ற வில்லைக்குத் தண்டனை ஒன்று உண்டு. தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். முன்சொன்ன சிறு தகட்டுக் கமராவில் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8, ஆறு மீற்றர் தூரம் என்றால் ஆழம் ஏறக்குறைய ஒரு மீற்றர். நான்கு மீற்றர் தூரத்தில் அதிற் பாதிக்கும் குறைவு. கண்ணைக் குவித்தால் காலடி மங்கும். ஆயின், பின்னால் அடுக்கிய நாற்காலிகளும் சுவரொட்டிகளும் மங்கிப்போவது ஒருவகையில் நன்மையே. குவியத்தைத் தானாகத் தேடும் கமராவுக்கும் திறப்பு அகன்றிருந்தால் அரையிருட்டிலே இலக்கைப் பிடிப்பது எளிது.

இனி, காத்திருப்பு. துள்ளி எழுபவர் உச்சியிலே ஏறக்குறைய நின்றுவிடுகிறார். உச்சியிலிருந்து பத்தில் ஒரு பங்குச் செக்கனில் விழும் தூரம் ஐந்து சென்ரிமீற்றர்தான் என்பதைப் பௌதிக மாணவர் உடனே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஏறும்போது அவ்வளவு, இறங்கும்போது அவ்வளவு. ஆக ஐந்தில் ஒரு பங்குச் செக்கன் அவர் உடல் ஐந்து சென்ரிமீற்றருக்குள் மிதக்கின்றது. அவ்வேளையில் 250-இல் ஒரு பங்கு ஷட்டரும் முகத்தை உறையவைக்கும். வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்தவர் மூன்று செக்கனுக்குள் அதை விடவேண்டும் என்பது விதி. சிங்கப்பூரில் 2018-இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையவர். பந்தைத் தலைக்கு மேல் உயர்த்தி வளையத்தைக் குறிபார்க்கும் கணத்தில் அவர் ஏறத்தாழச் சிலையாவதைப் படங்களிற் காணலாம். எந்த ஆட்டத்திலும் இத்தகைய கணங்கள் உள்ளன. விளையாட்டை அறிந்தவனே அவற்றை முன்கூட்டி அறிவான். எனவே கமரா பிடிக்கும் பிள்ளை அந்த ஆட்டத்தைத் தானும் சிறிது ஆடிப்பார்க்கட்டும்.

வில்லை எத்துணை நல்லதாயினும் விளக்கு ஏமாற்றும் இடமும் உண்டு. எமது மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது அலைவுகள் உடையதாகையால், சோக் வைத்த பழைய டியூப் விளக்கு செக்கனுக்கு நூறு தடவை ஒளிர்ந்து மங்குகின்றது. கண் அறியாது, 500-இல் ஒரு பங்கில் மூடும் ஷட்டர் அறியும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாயும் ஒன்று மஞ்சள் பூத்தும் இருப்பது இதனாலேயே. கமராவில் பழுதென்று கலங்க வேண்டியதில்லை. 2014-இல் வெளிவந்த கனன் 7டி மார்க் 2 முதலாகச் சில கமராக்கள் ஒளி உச்சத்தைக் கணித்துப் படமெடுக்கின்றன. அவ்வசதி இல்லாதோர் ஒன்றுக்கு மூன்றாக எடுத்து, நல்லதை வைத்துக்கொள்ளலாம். உணர்திறனை உயர்த்தினால் படத்தில் மணற்பொரி போன்ற புள்ளிகள் தோன்றும் என்று அஞ்சுவோருக்கும் ஒரு வார்த்தை: புள்ளி விழுந்த தெளிவான முகத்தைத் தாயார் சட்டமிட்டு மாட்டுவார்; புள்ளியில்லாத புகையை எவரும் மாட்டார். ஆயினும் பிறர் பிள்ளைகளின் படத்தை வெளியிடுமுன் பெற்றோரின் இசைவைப் பெறல் வேண்டும்.

பழைய வில்லையை மலிவாக வாங்க எண்ணுவோர், கடையிலேயே அதன் திறப்பை முழுதாக விரித்து, பின்புறத்திலிருந்து டோர்ச் அடித்து உள்ளே பார்க்கவேண்டும். சிலந்தி வலைபோல் வெண்ணிற நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். எத்துணை மலிவாயினும் விட்டுவிடுக. எமது குடாக்கரையின் ஈரமும் உப்புக்காற்றும் அதற்கு உகந்தவை. புதிய வில்லையையும் தோற்பையில் பூட்டி வைத்தால் மாரி முடியுமுன் அது முளைவிடக்கூடும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாது சேர்த்து, இறுக மூடும் பிளாஸ்ரிக் டப்பாவில் வில்லையுடன் இடுக. பொட்டலங்கள் ஈரம் குடித்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை அவற்றை மாற்றுக. வெயில் கண்ட நாளில் கமராவை வெளியே எடுத்து, நாலைந்து படங்கள் எடுத்துவிட்டு மீண்டும் வைப்பது இன்னும் நல்லது.